அனுப்பத் தெரியாத கமரா

இருநூற்று எண்பது ஒயிரோ.
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லையென்று
உறையின் மேல் எழுதிக்கொண்டு வந்தேன்.
பல் வைத்தியரிடம் கிடைத்த உறை,
மூலையில் ஒரு கடைவாய்ப்பல் சிரிக்கிறது.
செவ்வாயும் வெள்ளியும்
அவரது கிளினிக்கின் தரையைத் துடைப்பவள் நான்.
இருநூற்று எண்பது என்றால்
இருபது மணித்தியாலம்,
முழங்காலில் ஒரு நோ.

வூப்பர்டாலில் சனிக்கிழமை மழை.
தலைக்கு மேல் தொங்குரயில்
கொடியில் காயாத சட்டைபோல
ஆடிக்கொண்டு போனது.

"போனிலை இருக்கிறது கமரா இல்லாமல்
முகம் பாக்கிற கண்ணாடியே?"
என்று கேட்டிருந்தார் ரமணீதரன்.
அவரிடம் பதில் சொல்லவில்லை.
மகனின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
சென்சர், லென்ஸ், பற்றரி, எடை
என்று மூன்று இரவு எழுதினேன்.
அவன் அடியில் சிவப்பு மையால்
'சரி' போட்டு வைத்திருக்கிறான்.

கடைக்காரப் பெடியன் ஹென்ட்ரிக்.
"என்ன எடுப்பீர்கள்?" என்றான்.
எவ்வளவு இருக்கிறது என்றுதான் கேட்பானென்று
விடையோடு வந்தவள்
முழித்தேன்.
பறவையா? குழந்தைகளா? மலையா?
அவனே மூன்றை எடுத்து வைத்தான்.

முதலாவது, முகத்தின் சுருக்கங்களைத்
தானே அழித்துவிடுமாம்.
எனது சுருக்கத்தை அழிக்க
அதை யார் கேட்டது?

இரண்டாவது நிலவின் அம்மைத்தழும்புவரை
இழுத்துக் காட்டும்.
வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலோ
படமெல்லாம் ரவை கொட்டினமாதிரி.
நவம்பரில் நாலு மணிக்கே இருட்டுகிற ஊரில்
அதை வைத்து என்ன செய்ய?

மூன்றாவதைக் கையில் தந்தான்.
அறுநூற்று நாற்பத்தொன்பது.
விரல்களுக்கு அவை இருக்கவேண்டிய இடம்
முன்னமே தெரிந்திருந்தது.
பிறத்தியாரின் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பதுபோல
இரண்டு கையாலும் கொடுத்தேன்.

பிறகுதான்
கீழ்த்தட்டுக்குக் குனிந்தான்.
பதினொரு வயது.
நாற்பத்தோராயிரத்து முன்னூற்றாறு தடவை
யாரோ அமுக்கியிருக்கிறார்கள்.
வலது மூலையில்
ஒரு கட்டைவிரல் தின்ற அளவுக்குக்
கறுப்புப் போயிருந்தது.
லென்ஸோடு இருநூற்று முப்பத்தைந்து.

"ஒரு குறையைச் சொல்லவேண்டும்" என்றான்.
நேர்மையான பெடியன்.
"இது போனோடு பேசாது.
எடுத்ததை உடனே
ஒருவருக்கும் அனுப்ப ஏலாது.
அதுதான் இந்த விலை."

பதினாலு வருடமாக நான் நின்ற படங்களெல்லாம்
அனுப்புவதற்காக நின்றவை.
பனி பெய்தால் பனியில்,
பொங்கலென்றால் சாறியில்,
புது ஃபிரிட்ஜ் வந்த அன்று
ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில்.
ஒரே படத்துக்கு
டொரண்டோ மாமி 'மெலிஞ்சு போனாய்',
கொழும்பு மச்சாள் 'நல்லாய்க் கொழுத்திட்டாய்'.
இருவருக்கும் ஒரே கும்பிடு போட்டேன்.

இடது கண்ணை மூடிக்கொண்டு
அந்தச் சின்ன ஜன்னலுக்குள் பார்த்தேன்.
நனைந்த பஸ் தரிப்பு.
பாணைக் கடித்தபடி
நேரம் பார்க்கிற ஒருத்தி.
அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் அந்த நேரம்
அதைப் பார்த்தது நான் மட்டும்.
அமுக்கினேன்.
பாக்கு வெட்டின சத்தம்.

"குறையோடேயே தாருங்கள்" என்றேன்.
விளங்காமல் சிரித்தான்.
மெமரி கார்டுக்குப் பன்னிரண்டு போக
மிச்சத்தைக் கடைவாய்ப்பல் உறைக்குள் வைத்து,
பை வாங்காமல்
கழுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ரமணீதரன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"எங்கை, ஒண்டு எடுத்து
குறூப்பிலை போடு பாப்பம்."
"இதுக்கு அனுப்பத் தெரியாது."
"பிறகேன்?"
சோறு ஆறுகிறது என்றேன்.

செவ்வாய் இரவு, எட்டு இருபது.
துடைத்து முடித்த கிளினிக்கின் தரை.
காய ஆறு ஏழு நிமிடம் எடுக்கும்.
அதுவரை கூரை விளக்குகள் எல்லாம்
நிலத்துக்குள்தான் எரியும்.
ஒருவரும் மிதிக்காத அந்தத் தரையை
இத்தனை வருடமும்
நான் வாளியோடு கடந்து போயிருக்கிறேன்.

கதவடியில் நின்று எடுத்தேன்.
முதல் படம்.
இடப்பக்கம் கொஞ்சம் சரிந்துவிட்டது.